சருவத்தின் அடியில் கிழங்கு

பொழியூர்க் கரையில் காலை ஏலம் முடிந்ததும் மீன்காரப் பெண்கள் கிழக்கே திரும்புவார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் அலுமினியச் சருவம், சருவத்தில் சாளையோ நெத்தோலியோ அயிலையோ. அவர்களுள் அறுபது கடந்த ஒருவர் தம் பதினேழாம் வயதில் தாயின் பின்னால் இவ்வழியில் நடக்கத் தொடங்கியவர். அப்போது சருவம் இல்லை, பனையோலைக் கடவம்தான். கடவத்திலிருந்து ஒழுகும் மீன்நீர் கழுத்தில் இறங்கி முதுகெல்லாம் நனைக்கும். உச்சக்கடை கடந்து காரோட்டுப் பக்கம் மேடேறினால் தென்னையும் மரச்சீனியும் வாழையும் கலந்து நிற்கும் புரையிடங்கள். வெயில் ஏறுவதற்குள் பத்துப் பன்னிரண்டு வீடுகள். திரும்பும்போது கடவத்தின் அடியில் கிழங்கு கிடக்கும். சில நாளில் தேங்காய், முருங்கையிலை, ஒரு சீப்பு வாழைக்காய். வெறும் கடவத்தோடு கரைக்குத் திரும்புவது அவருடைய தாய்க்குப் பிடிக்காத காரியம். காசு குறைந்தாலும் கிழங்கு குறையக் கூடாது என்பது அந்த அம்மையின் கணக்கு.

அந்தப் பன்னிரண்டு வீடுகளில் ஒரு வீட்டோடு மட்டும் கொடுக்கல் வாங்கல் இன்றளவும் அறுபடவில்லை. அவ்வீட்டுப் பெண்ணுக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. ‘அக்கச்சி’ என்று இவர் அழைப்பார். ‘பிள்ளே’ என்று அவர் அழைப்பார். விலை பேசுவது அரிது. சாளை மலிந்த நாளில் கை நிறைய அள்ளி வைத்துவிட்டுப் போவதும், மீன் அருகிய நாளில் எண்ணி வைப்பதும், அதைப் போலவே அந்த அக்கச்சி ஒரு மூட்டைப் பிடுங்கி முழுதாகத் தருவதும் பாதியை நிறுத்திக்கொள்வதும் இருவர் மனத்திலும் எழுதாக் கணக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. ‘பைசா பெறவு பாக்கலாம், நீ கெழங்கை எடுத்துக்கோ’ என்பது அந்த முற்றத்தில் நாற்பது ஆண்டுகளாக ஒலித்துவரும் தொடர். அந்தப் ‘பெறவு’ என்றைக்கு வரும் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

நீடித்த வேளாண்மை, தாங்குதிறன், உணவு அமைப்பு ஆகிய சொற்கள் இன்று ஆய்வுத் திட்டங்களின் முகப்பில் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றை அளக்கும் கருவிகளும் பெருகிவிட்டன. ஆனால் மேற்சொன்ன முற்றத்தில் நிகழ்வது எந்த அட்டவணையில் ஏறும்? வேளாண் துறைப் புள்ளிவிவரம் மரச்சீனியின் பரப்பைச் சொல்லும். மீன்வளப் புள்ளிவிவரம் கரையிறங்கிய மீனின் எடையைச் சொல்லும். ஒன்று மற்றொன்றாக மாறும் இடம் இரண்டிலும் இல்லை. பொழியூருக்கு அடுத்துள்ள நீரோடி தமிழ்நாட்டில் இருப்பதால், அங்கே போகும் மீனும் அங்கிருந்து வரும் கிழங்கும் வேறொரு மாநிலத்தின் கோப்புக்கு உரியவை. கேரளத்தின் தென்கோடிக் கடற்கரை ஊர் ஒன்றைத் தனித்து எடுத்து ஆராய்வதில் உள்ள இடர்ப்பாடு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஊரின் பெயரிலேயே நிலமும் நீரும் சந்திக்கும் இடம் இருக்கிறது. ஆறு மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழும் வாய்க்குப் ‘பொழி’ என்று இக்கரையில் பெயர். அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு சற்று வடக்கே பூவாற்றில் பொழி வெட்டிக் கடல் சேர்கிறது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்கும் எண்ணத்தோடு 1860களில் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் பூவாற்றிலிருந்து இக்கரையை ஒட்டியே தெற்கே சென்றது. இன்று அதன் பெரும்பகுதி தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது. கடல், கால்வாய், அதற்கப்பால் தென்னந்தோப்பு, பின்னர் செம்மண் மேடு என்று சில கிலோமீட்டருக்குள் நிலத்தின் இயல்பு மாறிவிடுவதால், ஒரு நடைக்குள் நெய்தலையும் மருதத்தையும் தொட்டு மீள்வது இப்பெண்களுக்கு இயல்பாயிற்று.

இந்தப் பரிமாற்றம் புதிதன்று. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் பாண்மகள் மீனைக் கொடுத்து நெல் பெறுகிறாள். அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் நெல்லுக்கு நேராக உப்பை மாற்ற ஊரை அழைக்கிறாள். இத்தொடர்ச்சியைப் பெருமிதத்தோடு குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோவது எளிது. தமிழ்த் துறைகளில் அதுவே வழக்கமும்கூட. ஆனால் பரிமாறிக்கொண்டவர்கள் ஒருபோதும் சமநிலையில் நின்றதில்லை. மீன்காரப் பெண் முற்றத்தோடு நிறுத்தப்பட்டாள். தண்ணீர் கேட்டால் சிரட்டையில் வார்த்த வீடுகளை இவருடைய தாய் கடைசிவரை பெயர் சொல்லி நினைவு வைத்திருந்தார். அதற்கும் மேலே ஒரு பொருளியல் உண்மை உண்டு. மீன் காத்திருக்காது. நிழல் சாயச் சாய அதன் விலை இறங்கும் என்பது வாங்குபவருக்கும் தெரியும். மரச்சீனியோ மண்ணுக்குள் இருக்கும்வரை காத்திருக்கும். முற்றிய பின்னும் சில வாரங்கள், தேவையானால் மாதங்கள்கூட மூட்டிலேயே விட்டுவைத்து, வேண்டிய அன்று வேண்டிய அளவு பிடுங்கலாம். பிடுங்கிய பிறகே அதன் நாழிகை ஓடத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்து கெட்டுவிடும். ஆகவே காத்திருக்க இயலாத சரக்கோடு காத்திருக்கக்கூடிய சரக்கு பேரம் பேசியது. பேரத்தில் யார் கை ஓங்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மரச்சீனி இம்மண்ணின் பயிரே அன்று என்பது வியப்பளிக்கலாம். தென்னமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்கு போர்த்துகீசியர் வழியாக 17ஆம் நூற்றாண்டில் மலையாளக் கரைக்கு வந்தது. வந்த பொருளுக்குப் பெயர் வைப்பதில் ஒவ்வொரு வட்டாரமும் தன் போக்கில் நடந்திருக்கிறது. மலையாளத்தில் பரவலாகக் கப்ப. வடக்கே கொள்ளி, பூள என்ற பெயர்களும் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பகுதியிலும் இலங்கையிலும் மரவள்ளி. சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு. சில இடங்களில் இலையின் வடிவம் பற்றி ஏழிலைக்கிழங்கு. தென்திருவிதாங்கூரிலும் குமரி மாவட்டத்திலும் மரச்சீனி. தென்மாவட்டங்களில் சர்க்கரைவள்ளிக்குச் சீனிக்கிழங்கு என்று பெயர் இருப்பதை இதனோடு வைத்துப் பார்க்கையில், கொடியாகப் படரும் சீனிக்கிழங்கிலிருந்து வேறுபடுத்தவே மரமாக நிற்பதற்கு ‘மரச்சீனி’ என்ற பெயர் அமைந்திருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு. மரவள்ளி என்ற சொல்லிலும் இதே தருக்கம்தான்: கொடியாகிய வள்ளி, மரமாகிய வள்ளி. அயல் பயிரை ஏற்றுக்கொண்ட மக்கள் அதன் அயற்பெயரை ஏற்கவில்லை. முன்பே அறிந்த கிழங்கின் பெயருக்கு ஓர் அடைமொழி சேர்த்து அடுக்களைக்குள் அனுமதித்தார்கள்.

திருவிதாங்கூரில் அதை உணவாக நிலைநிறுத்தியவராக விசாகம் திருநாள் ராமவர்மா குறிப்பிடப்படுகிறார். 1880 முதல் 1885 வரை ஐந்தாண்டே ஆண்டவர். தாவரவியலில் ஈடுபாடு மிக்கவர். கிழங்கைப் பயிரிடும் முறையோடு சமைக்கும் முறையையும் அவர் குடிகளுக்கு அறிவித்ததாகவும், நஞ்சென்று அஞ்சியவர்களின் ஐயம் நீங்க அரண்மனையில் தாமே உண்டு காட்டியதாகவும் சொல்லப்படுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1977இல் வெளியிட்ட இளமஞ்சள் சதையுடைய வகைக்கு ‘ஸ்ரீ விசாகம்’ என்ற பெயர் வந்தது இவரை நினைந்தே. (அக்கச்சியின் புரையிடத்தில் நிற்பது அதுவன்று. மலேயாவிலிருந்து வந்த பழைய எம்-4 வகை, கிளைக்காமல் நெட்டையாக நிற்கும், வெந்தால் மாவாகும். விளைச்சல் கூடிய வகைகளை அவர் கணவர் ஒருமுறை நட்டுப் பார்த்தாராம். ‘சட்டியில கெடந்து மொறைக்கும்’ என்று அக்கச்சி தள்ளிவிட்டார். விளைச்சலை எக்டேருக்கு இத்தனை டன் என்று அளக்கும் ஆய்வாளர் கவனத்தில் கொள்ளத்தக்க சொல் இது.)

ஓர் அரசரின் ஆர்வம் மட்டும் ஒரு நாட்டின் உணவை மாற்றிவிடாது. மாற்றியது பசி. தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கும் மேற்பட்டதை வெளியிலிருந்து, குறிப்பாகப் பர்மாவிலிருந்து, வாங்கி உண்ட நாடாகத் திருவிதாங்கூர் இருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த அரிசி நின்றது. நஞ்சையில்லாத மேட்டுக்காட்டில், எருவும் பாய்ச்சலும் அதிகம் கேட்காமல், ஒரு சாண் கம்பை ஊன்றினால் எட்டுப் பத்து மாதத்தில் கிழங்கு தரும் பயிர் அன்று பல்லாயிரம் குடும்பங்களின் ஒருவேளை உணவாயிற்று. அது எல்லாரையும் காப்பாற்றிவிட்டதாகச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. சேர்த்தலைப் பகுதியில் 1943ஐ ஒட்டிய ஆண்டுகளில் பட்டினியாலும் நோயாலும் மக்கள் மடிந்தனர். இருந்தும் போர்க்காலத்தின் பின் மரச்சீனி ஏழையின் உணவென்ற முத்திரையோடு நிலைத்துவிட்டது.

அந்த முத்திரை ஒரு புள்ளிவிவரப் பிழைக்கும் வழிவகுத்தது. தேசிய மாதிரி ஆய்வின் தரவுகளின்படி கணக்கிட்டபோது, ஆள்வீதம் உட்கொள்ளும் கலோரியில் கேரளம் இந்தியாவிலேயே மிகக் கீழே நின்றது. ஆனால் அம்மாநிலத்தின் குழந்தை இறப்பு வீதமும் வாழ்நாள் எதிர்பார்ப்பும் அதற்கு நேர்மாறான கதையைச் சொல்லின. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே. என். ராஜ் உள்ளிட்ட பொருளியலாளர்கள் நடத்தி, 1975இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட ஆய்வு இந்த முரணை ஆராய்ந்தது. தானியத்தை மையமாகக் கொண்ட கணக்கெடுப்பு, வீட்டுப் புரையிடத்தில் விளைந்து வீட்டுக்குள்ளேயே உண்ணப்படும் மரச்சீனியையும் தேங்காயையும் குறைத்து மதிப்பிட்டிருந்தது என்பது அதில் தெரியவந்த முக்கியமான செய்தி. பி. ஜி. கே. பணிக்கர் அதற்கு முன்பே இத்திசையில் எழுதியிருந்தார். ஒரு மாநிலமே பட்டினி கிடப்பதாகக் காட்டிய அட்டவணையில் விடுபட்டிருந்தது, கொல்லைப்புறத்தில் பெண்கள் பிடுங்கிய கிழங்கு.

கிழங்கோடு மீனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது வேதியியலும் சொல்லும் செய்தி. மரச்சீனியில் லினமாரின் என்னும் சேர்மம் உள்ளது. கிழங்கை வெட்டும்போது அதிலுள்ள நொதியோடு சேர்ந்து சயனைடு வெளிப்படும். சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுவதால் அதில் பெரும்பகுதி நீங்குகிறது. எஞ்சும் சிறிதளவை உடல் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றும். அதற்குக் கந்தகம் வேண்டும். அது மெத்தியோனின், சிஸ்டீன் முதலிய அமினோ அமிலங்களிலிருந்து கிடைக்கிறது. கிழங்கில் புரதமே நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான். கூடவே தயோசயனேட்டு உடலில் மிகுந்தால் தைராய்டு அயோடினை ஏற்பது தடைப்படும். கந்தக அமினோ அமிலங்களும் அயோடினும் ஒருசேரக் கிடைக்கும் மலிவான உணவு கடல்மீன். ஆப்பிரிக்காவின் சில உள்நாட்டுப் பகுதிகளில், வறட்சிக் காலத்தில் கசப்பு மரவள்ளியைச் சரிவரப் பதப்படுத்தாமல், புரதமும் இல்லாமல் தொடர்ந்து உண்டவர்களுக்குக் கோன்சோ என்னும் கால்முடக்கு நோய் வந்தது. கேரளத்தில் இளம்வயதினரிடம் கண்ட ஒருவகைக் கணைய நோய்க்கும் மரச்சீனியே காரணம் என்றொரு கருதுகோள் நெடுநாள் நிலவியது. பிற்கால ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இவற்றையெல்லாம் படித்த பின் அந்த முற்றத்தை மீண்டும் நினைக்க வேண்டும். தேங்காயும் சீரகமும் காந்தாரி மிளகாயும் அரைத்துச் சேர்த்து மயக்கிய கிழங்கு, பக்கத்தில் புளியூற்றிய சாளைக்கறி. கரைவீட்டிலும் மேட்டுவீட்டிலும் அன்றிரவு ஒரே உணவு. கரை வீட்டுக்கு மாவுச்சத்தும் மேட்டு வீட்டுக்குப் புரதமும் ஒரே தலைச்சுமையில் போய்வந்தன.

சாளை என்பது தென்திருவிதாங்கூர் வழக்கு. வடக்கே அது மத்தி. இச்சிறுமீன் கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கரையிறங்கியது. கொச்சியில் உள்ள மத்தியக் கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 2021இல் அது 3,297 டன். கடல்நீரின் வெப்பமும் பருவமழையின் போக்கும் இனப்பெருக்கத்தைப் பாதித்ததையும், குஞ்சுமீனைப் பிடித்ததையும் அறிவியலாளர் காரணமாகக் காட்டினர். மறு ஆண்டே மீன் ஓரளவு மீண்டது. ஆனால் அந்த இடைக்காலத்தில் மேட்டு வீடுகள் பலவற்றின் பழக்கம் மாறிவிட்டது. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிவரும் இளைஞரிடம், வேறு மாநிலத்திலிருந்து பனிக்கட்டியில் வந்த மீனைக் காசு கொடுத்து வாங்கப் பழகினர். காசுக்கு வாங்கிய மீனுக்குக் கிழங்கு கொடுக்க வேண்டியதில்லை.

கொடுக்கக் கிழங்கும் குறைந்துகொண்டே வந்தது. 1970களின் நடுவில் கேரளத்தில் 3 லட்சம் எக்டேருக்கு மேல் மரச்சீனி நின்றது. இன்று அது 1 லட்சம் எக்டேரைக் கூட எட்டவில்லை. நெற்பரப்பு அதே காலத்தில் சுமார் 8.8 லட்சம் எக்டேரிலிருந்து 2 லட்சம் எக்டேர் அளவுக்குச் சுருங்கியது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது காக்க வேண்டிய வயலில் பெரும்பகுதி மேடாகியிருந்தது. மரச்சீனியின் இடத்தில் பெரும்பாலும் ரப்பர் ஏறியது. ரப்பர் இளங்கன்றாக இருக்கும் முதல் மூன்றாண்டு இடையில் கிழங்கு நடலாம். கிளை கூடி நிழல் விழுந்தபின் அது இயலாது. 2011இல் ரப்பர் கிலோ 240 ரூபாயை நெருங்கியபோது நிழலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 2016 தொடக்கத்தில் அது 100 ரூபாய்க்கும் கீழே வந்தபோது பால்வெட்டும் கூலிக்கே கட்டவில்லை. ஆனால் மரத்தைத் தின்ன முடியாது. வெட்டிவிட்டுக் கிழங்கு நடவும் மனம் வராது. அக்கச்சியின் வீட்டிலும் முக்கால் பங்கு நிலம் ரப்பர்தான். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய பணத்தில் நட்டது. கிணற்றடி ஓரமாகச் சில மூடு மரச்சீனிக்கு மட்டும் இடம் விடச் சொல்லி அவர் மகனிடம் வாதிட்டுப் பெற்றார்.

எல்லைக் கோட்டுக்கு அப்பால் நிலைமை இன்னொரு காரணத்தால் மாறியது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் இரண்டு தாலுகாக்களையும் எண்ணித் திட்டமிடப்பட்டது. அதன் கடைமடையில் விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் நிலம் அந்நீரை நம்பியிருந்தது. 2004 முதல் கேரளம் நீரை நிறுத்திவிட்டது. நெய்யாறு கேரளத்திலேயே பிறந்து கேரளத்திலேயே கடல் சேர்வதால் அது மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறன்று என்பது அதன் வாதம். மாநிலப் பிரிப்புக்கு முன்பே உறுதிசெய்யப்பட்ட பாசன உரிமை அது என்பது 2012இல் உச்ச நீதிமன்றம் சென்ற தமிழ்நாட்டின் வாதம். இரண்டு வாதங்களுக்கும் நடுவில் நெல் வாழையாயிற்று, வாழை ரப்பராயிற்று, சில இடங்களில் வீட்டுமனையாயிற்று. கேரளம் உண்ணும் அரிசியில் ஐந்தில் ஒரு பங்குகூட அங்கு விளைவதில்லை. எஞ்சியது ஆந்திரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வருகிறது. தமிழ்நாட்டுக்கு அரிசி கேட்கும் மாநிலம் தமிழ்நாட்டு வயலுக்கு நீர் மறுப்பதை உணவு அமைப்பு என்ற சொல்லின் கீழ் ஆராய்ந்தால் எப்படியிருக்கும் என்ற கேள்வி இன்னும் உரிய கவனம் பெறவில்லை. நீர்ப்பூசல் சட்டத்துறைக்கும் அரிசி பொருளியல் துறைக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டன.

2017 நவம்பர் 29, 30 நாள்களில் ஒக்கிப் புயல் கடலையும் நிலத்தையும் ஒரே இரவில் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை முதல் பூந்துறை வரை கடலுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. குமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. இக்கரையில் பல வீடுகளில் அடுப்பு எரியாத நாள்கள் அவை. கரைக்கு மீன் வரவில்லை, ஏலம் இல்லை. மேட்டில் குலைதள்ளிய வாழை எல்லாம் ஒடிந்து கிடந்தது. மரச்சீனித் தண்டும் முறிந்தது. ஆனால் கிழங்கு மண்ணுக்குள் இருந்தது. நீர் தேங்கிய தாழ்விடங்களில் சில நாளில் அழுகியது உண்மை, மேட்டில் தப்பியது. புயலுக்குப் பின் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அக்கச்சி ஒரு சாக்குக் கிழங்கை ஆட்டோவில் ஏற்றிப் பொழியூருக்கு அனுப்பினார். மீன்காரப் பெண்ணின் மருமகன் அப்போது கரை திரும்பியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் வேறொரு துறைமுகத்தில் உயிரோடு இறங்கினார். அந்தச் சாக்கு எத்தனை வீடுகளுக்குப் பிரிந்தது என்பதை யாரும் எண்ணவில்லை.

கோவிட் காலம் வேறுவகை. 2020 ஜூலை 18 முதல் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை முழுவதும், எடவ முதல் பொழியூர் வரை, மூன்று மண்டலங்களாக வகுக்கப்பட்டு முழுமையாக அடைக்கப்பட்டது. விழிஞ்ஞம் முதல் பொழியூர் வரை மூன்றாம் மண்டலம். கரையிலிருந்து மேட்டுக்குப் போகும் வழி அடைபட்டது. தெற்கே நீரோடிக்குப் போகும் வழி மாநில எல்லையென்ற பெயரில் முன்னரே அடைபட்டிருந்தது. நீரோடியில் மணமுடித்துப்போன தன் தமக்கையின் இறுதிச் சடங்குக்கு, கூப்பிடு தூரத்தில் இருந்தும், அப்பெண்ணால் போக முடியவில்லை. அதே ஆண்டு கேரள அரசு தரிசு நிலங்களில் உணவுப் பயிர் விளைவிக்கச் சுபிக்ஷ கேரளம் என்னும் திட்டத்தை 3,860 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அறிவித்தது. மரச்சீனி எங்கும் நடப்பட்டது. அடுத்த ஆண்டு அறுவடையின்போது வாங்க ஆளின்றி விலை சரிந்தது. விளைச்சலைக் கூட்டத் திட்டமிருந்தது. மேட்டில் மலிந்த கிழங்கையும் கரையில் முடங்கிய வயிற்றையும் சேர்க்கும் பாதையைத் திட்டத்தில் யாரும் வரையவில்லை. அப்பாதை அதற்கு முன்பும் அரசு போட்டதன்று. அது சில நூறு பெண்களின் கால்களில் இருந்தது.

அக்கால்கள் இப்போது தளர்ந்துவிட்டன. தெற்குக் கொல்லங்கோடு, பொழியூர்ப் பகுதிகளில் ஆண்டுதோறும் கடல் ஏறி வீடுகளையும் கரைச்சாலையையும் கொண்டுபோகிறது. அலை கடுமையான பருவத்தில் இங்கே வள்ளம் இறக்கவோ ஏற்றவோ இயலாது என்பதால் ஆண்கள் விழிஞ்ஞத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ மீனை இறக்குகின்றனர். ஏலமும் அங்கேயே முடிகிறது. தலைச்சுமைப் பெண்ணுக்கு அந்த ஏலத்தில் போட்டியிட முதல் இல்லை. பொழியூருக்கு மீன்பிடித் துறைமுகம் வேண்டும் என்பது ஊராரின் நெடுநாள் கோரிக்கை. 2024இன் மாநில வரவு செலவுத் திட்டத்தில் முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. இவருடைய இரு மகள்களும் சருவம் தூக்கவில்லை. ஒருவர் நெய்யாற்றின்கரையில் துணிக்கடையில் நிற்கிறார். மற்றவர் செவிலியர் படிப்பு முடித்துவிட்டார். தூக்க வேண்டாம் என்று சொன்னவரும் இவர்தான். அதை இழப்பென்று எழுத எவருக்கும் உரிமையில்லை. நாற்பது ஆண்டு தலைச்சுமையில் கழுத்தெலும்பு தேய்ந்தது ஆய்வேடுகளுக்கு அன்று, அவருக்கு.

கடந்த ஆடியில், மழை சற்று ஓய்ந்த ஒரு முற்பகலில், அவர் பேருந்திலிறங்கி மேடேறினார். நான்கு நாளாக வள்ளம் இறங்கவில்லை. சருவம் வெறுமையாக இருந்தது; குடைக்கு மாற்றாக அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். அக்கச்சி திண்ணையில் இருந்தார்.

‘மீனில்ல அக்கச்சி. கால்வேதனைக்கு மருந்து வாங்கப் போனேன், அப்பிடியே கேறினேன்.’

‘நான் மீனு கேட்டனா? இரி பிள்ளே.’

அக்கச்சி உள்ளேயிருந்து மண்வெட்டியை எடுத்தார். கிணற்றடியில் நின்ற மூடுகளில் ஒன்றைப் பேரப்பிள்ளையைக் கொண்டு அசைத்துப் பிடுங்கச் செய்தார். செம்மண் ஒட்டிய நான்கு கிழங்குகள் வந்தன. ஒன்று பாதியில் முறிந்து மண்ணிலேயே நின்றது. அதையும் தோண்டி எடுத்தார்கள். தண்டைப் பேரன் வேலிப்பக்கம் எறியப்போனபோது அக்கச்சி தடுத்து, கொழுந்தையும் அடியையும் தள்ளி நடுக்கம்பைச் சாண் சாணாக நறுக்கி, ஆறு துண்டுகளை வாழைநாரால் கட்டினார். பொழியூரில் இவருடைய வீட்டுக்குப் பின்னால், கடல் இன்னும் எட்டாத மூன்று சென்ட் மணல் இருப்பது அவருக்குத் தெரியும்.

‘மணலில பிடிக்குமா அக்கச்சி?’

‘சாம்பலும் மீன்கழிவும் இட்டுப் பாரு. பிடிச்சா பிடிக்கட்டு.’

கிழங்கு சருவத்தின் அடியில் போயிற்று, கம்புக்கட்டு அதன்மேல். பைசாவைப் பற்றி இருவரும் பேசவில்லை. மழை மீண்டும் தூறத் தொடங்கியதால் சருவத்தைக் கவிழ்க்க வழியில்லாமல், ஒரு சேம்பிலையை ஒடித்துத் தலையில் பிடித்துக்கொண்டு அவர் உச்சக்கடைப் பேருந்துக்கு இறங்கினார்.